ஒரு சுத்துக்கு ஒரு ஆள் தூரம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் நொண்டும். இதுல உக்காருங்க. கொஞ்சம் சத்தமாப் பேசணும் நீங்க. வலது காது எனக்குப் பட்டாளத்துலயே போயிருச்சு. இடது காதும் இப்ப லீவு கேட்டுக்கிட்டு இருக்கு.

எங்க இந்திராணி அனுப்பின வக்கீலுதான நீங்க? பாத்ததுமே தெரிஞ்சுச்சு. என் கூடப்பொறந்த ஒரே தங்கச்சி. இந்த வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டா, வக்கீல அனுப்புவா. நல்லா இருக்கட்டும். எம் பொண்டாட்டியும் இப்ப அங்கதான் கிடக்கா. மலையில கிழங்கு எடுக்க ஆள் இல்லையாம், ஒத்தாசைக்குப் போயிருக்கா. ஒத்தாசைக்குப் போனவ தீவாளிக்குக்கூட வரல.

நீங்க என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு நானே சொல்லிடுறேன். எங்க மாப்ள குருநாதன், இந்திராணி வீட்டுக்காரரு, ஆயுள் தண்டனையில மதுரை ஜெயில்ல இருக்காரு. நீங்க ஹைகோர்ட்டுல அப்பீல் போட்டிருக்கீங்க. 'நான் மாட்டிக் குடுத்த ஸ்கோப்பு கோணலா இருந்திருக்கலாம்'னு நான் ஒரு வார்த்தை சொன்னா அவர் வெளிய வந்துருவாரு. அதான? சொல்ல மாட்டேன். காபி குடிக்கிறீங்களா?

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன், பேச மாட்டேன்னு சொல்லல. பேச ஆள் எங்க இருக்கு? உக்காருங்க.

ஸ்கோப்புன்னா பாத்திருக்கீங்களா நேர்ல? கோர்ட்டுல பாத்திருக்க மாட்டீங்க, அது அரக்கு முத்திரை வச்ச பையில கிடக்கு. துப்பாக்கி மேல வைக்கிற தூரக்கண்ணாடி அது. உள்ள பாத்தா கூட்டல் குறி மாதிரி ரெண்டு கோடு தெரியும். கோடு சேர்ற எடம் எங்க நிக்குதோ குண்டு அங்க போய்ச் சேரணும். அவ்வளவுதான். கேக்க லேசா இருக்கும். ஆனா கண்ணாடி வேற, குழல் வேற தம்பி. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வைக்கிறவன் நடுவுல ஒருத்தன் வேணும். அந்த ஒருத்தன் நான். பட்டாளத்துல ஆர்மரர்னு சொல்லுவாங்க. ஹவில்தார் சோலைராசு மாட்டின ஸ்கோப்புன்னா சுபேதார் சாப் ரெண்டாம் தடவ சரி பாக்க மாட்டாரு. கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போவாரு. என்னிக்காச்சும் ஒரு சிப்பாய் சுட்டுட்டு வந்து ஸ்கோப்பு சரியில்லன்னு சொன்னான்னு வைங்க, எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!

மாப்ளைக்குத் தேன்பாறையில கிழங்குக் காடு. மேல்மலை தம்பி, பஸ்ஸு எறங்கி ஏற்றத்துல நடக்கணும். பயிரைக் காக்க லைசென்ஸ் வச்ச ரைபிள் அவருக்கு உண்டு, அவங்க அப்பா காலத்துத் துப்பாக்கி. காட்டுப்பன்னி சுடுறதுக்கு அனுமதியும் வாங்கியிருந்தாரு. பன்னி என்ன பண்ணும்னா இவரு காட்டுப் பக்கம் வராது, பள்ளத்துக்கு அந்தாண்ட எதிர்ச்சரிவுல இருக்கிற துண்டு நெலத்துல இறங்கி உழுதுபோட்டுட்டுப் போயிரும். இங்க இருந்து அங்க முந்நூறு கஜம். எறங்கி ஏறிப் போறதுக்குள்ள அது குடும்பத்தோட கெளம்பிரும். அதனாலதான் ஸ்கோப்பு வேணும்னாரு. நான்தான் நல்லதாப் பாத்து வாங்கச் சொன்னேன். சின்ன ஸ்கோப்புன்னா திருகு மேல மூடி இருக்கும். தூரத்துக்கு அடிக்கிறதுல மூடி கிடையாது, மேல ஒரு திருகு, பக்கத்துல ஒரு திருகு, கையால திருப்புற மாதிரி. மேல இருக்கிறது குண்ட ஏத்தும் இறக்கும். பக்கத்துல இருக்கிறது இடம் வலம் தள்ளும். ஒரு சொடக்குத் திருப்பினா அந்தச் சரிவுல ஒரு விரக்கடை தள்ளிப் போகும். ஒரு முழுச் சுத்து சுத்தினா ஒரு ஆள் தூரம்.

நான் இதை ஏன் சொல்றேன்? நீங்கதான கேட்டீங்க. கேக்கலையா? சரி விடுங்க.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நான் தேன்பாறைக்குப் போனேன். மாட்டினது அங்கதான், அவங்க வீட்டு முன்கூடத்துல. இந்திராணி தோசை சுட்டுக் குடுத்தா, ஆறிப்போய்க் கிடந்துச்சு, நான் தொடல. வேலைன்னா வேலைதான் எனக்கு. திருகாணி ஓட்டையில ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. பெட்ரோல் தொட்டுத் தொடச்சேன். கீழ்க்கட்டைய உக்கார வச்சு, வளையத்தப் போட்டு, கண்ணாடிய அதுல படுக்க வச்சேன். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு விரக்கடை எடவெளி வேணும். கிட்ட வச்சா அடிக்கிற அடியில புருவம் கிழிஞ்சுரும். எதிர்ச் சுவத்துல கொத்தனார் தூக்குக்குண்டக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலும் உள்ள இருக்கிற நட்டக்கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுற வரைக்கும் திருப்பித் திருப்பி வச்சேன். அப்புறம் முறுக்குறது. ஒரே பக்கமா முறுக்கிறக் கூடாது, கார் சக்கரத்துக்கு நட்டுப் போடுற மாதிரி எதிரும் புதிருமாக் கொஞ்சங் கொஞ்சமா. முறுக்கி முடிச்சு, பள்ளத்துக்கு அந்தாண்ட ஒரு தகரத்தக் கட்டிவச்சு, மாப்ளைய விட்டுச் சுடச்சொல்லித் திருத்தித் திருத்தி வச்சேன். கடைசியா அடிச்சது தகரத்துல போட்டிருந்த வட்டத்துக்கு உள்ள விழுந்துச்சு. மாப்ள துள்ளிக் குதிச்சாரு. 'மச்சான், உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்'னாரு. சொன்னாரு தம்பி. அதே வாய்தான்.

மறுநாள் பூசை. எங்க பக்கம் எல்லாத்தையும் கழுவி வைப்போம். மண்வெட்டி, மருந்தடிக்கிற மிசினு, அருவா, தராசு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். துப்பாக்கியையும் நடுவுல கிடத்தினோம். நான்தான் பொட்டு வச்சேன். குழலுக்கு, கட்டைக்கு, ஸ்கோப்புக்கு, அந்த ரெண்டு திருகுக்கும். இருந்த சந்தனத்துல நல்லாத் தாராளமா வச்சேன். பட்டாளத்துலயும் வைப்போம், பீரங்கிக்கே மாலை போடுவோம். பூசைக்கு வச்ச ஆயுதத்த அன்னிக்குத் தொடக் கூடாது. மறுநாள் விசயதசமி அன்னிக்குக் காலையில எடுத்து, அதால ஒரு சின்ன வேலையாச்சும் செஞ்சு ஆரம்பிக்கணும். மண்வெட்டின்னா நாலு வெட்டு. துப்பாக்கின்னா?

அதான். விடிஞ்சு பனி எறங்கின நேரம். எதிர்ச்சரிவுல பன்னி நிக்குதுன்னு மாப்ள ஓடியாந்தாரு. ஆயுதத்த எடுத்துட்டோம், ஆனா அது மேல சந்தனம் காஞ்சு கருவாடாக் கிடக்கு. அதோட ஒருத்தன் துப்பாக்கியத் தூக்குவானா? என் கண்ணு முன்னாடி? நான் வாங்கித் தொடச்சேன். துண்டால சுத்தமாத் தொடச்சுக் குடுத்தேன். அந்தத் திருகுல சின்னச் சின்ன வரி வரியா இருக்கும், பிடிமானத்துக்கு. சந்தனம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. நகத்தால சொரண்டி, துண்ட வச்சு நல்லா அழுத்தித் தொடச்சேன். பளபளன்னு வந்துச்சு.

இதத்தான் இந்திராணி பிடிச்சுக்கிட்டா. 'அண்ணன் திருகித் திருகித் தொடச்சாரு, டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு'ங்கிறா. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாளே? அடுப்படியில நின்னவளுக்குக் கேட்டுச்சாம், கையில வச்சிருந்த எனக்குக் கேக்கலையாம். பல்லி கத்தியிருக்கும் தம்பி. அந்த வீட்டுல விட்டத்துக்கு விட்டம் பல்லி. பூசை அன்னிக்குக்கூட ரெண்டு தடவ கத்துச்சு, இவளே தரையத் தட்டிக் கும்பிட்டா. கோர்ட்டுல இவளக் கூண்டுல ஏத்தி, 'அது என்ன திருகு, பேர் என்னம்மா'ன்னு கேட்டாங்க. முழிச்சா. புருசனக் காப்பாத்தப் பொய் சொல்றான்னு விட்டுட்டாங்க. நான் என்ன செய்ய முடியும்?

ஒண்ணு சொல்றேன், அத நீங்க எழுதிக்கங்க. அன்னிக்கு மாப்ள என்கிட்ட கேட்டாரு. 'மச்சான், ஒரு ரவுண்டு தகரத்துல போட்டுப் பாத்துக்கட்டுமா'ன்னு கேட்டாரு. நான் ஏசிட்டேன். ஏசாம? பூசைக்கு முந்தின நாளு வட்டத்துக்குள்ள விழுந்தத ரெண்டு கண்ணாலயும் பாத்த மனுசன்! 'என் வேலையிலயே சந்தேகமாய்யா உனக்கு? சுட்டா பன்னி ஓடிரும், படு, அடி'ன்னு சொன்னேன். மாப்ளைய நான் வாய்யா போய்யான்னு பேசினது அன்னிக்கு ஒரு நாளுதான். அவரு மூட்டை மேல துப்பாக்கியச் சாச்சுப் படுத்தாரு, அடிச்சாரு.

பன்னி ஓடிருச்சு. ஒரு குரல் கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சு தம்பி, இந்தக் காதுக்கு.

மாப்ள துப்பாக்கியப் போட்டுட்டுப் பள்ளத்துல எறங்கி ஓடுறாரு. இந்திராணி 'யாரு யாரு'ன்னு கத்துறா. நான் என்ன செஞ்சேன்? சுட்ட துப்பாக்கி கீழ கிடந்தா மொதல்ல காலி பண்ணணும், அதான் பழக்கம். போல்ட்ட இழுத்தேன், காலித் தோட்டாவத் தள்ளினேன். தள்ளிட்டு, ஏன் செஞ்சேன்னு தெரியல, கண்ண வச்சுட்டேன். ஸ்கோப்புல பாத்துட்டேன்.

பன்னி உழுத மண்ணு மேல கொண்டுபோய்க் கோட்ட வச்சேன். மாப்ள அங்கதான வச்சிருப்பாரு? அதுக்கு வலது பக்கம், கல்லுக்கட்டுக்குப் பின்னாடி, புல்லுக்குள்ள ஒரு கை. வளையல் போட்ட கை. புல்லப் பிடிச்சுப் பிடிச்சு விடுது. முந்நூறு கஜம் தள்ளி இருக்கிறவ, கண்ணாடி என் மூக்குக்கு முன்னாடி கொண்டாந்து வச்சிருச்சு. கையெட்டித் தொட்டுரலாம்னு தோணுச்சு. ஒரு ஆள் தூரம்கூட இல்ல தம்பி, கோட்டுல இருந்து. கொஞ்சம் கம்மி.

பஞ்சவர்ணம். பக்கத்துக் காட்டுத் தங்கமுடியோட பொண்டாட்டி. மாட்டுக்குப் புல்லறுக்க வந்திருக்கா. அவள நான் அதுக்கு முன்னாடி பாத்ததுகூட இல்ல. நல்லா இருந்த மூஞ்சிய நான் பாக்கவே இல்ல, அந்தக் கைய மட்டும்தான் பாத்தேன்.

இப்ப நான் வேலை ஒண்ணும் எடுக்கறதில்ல. கண்ணுல புரைன்னு எல்லார்ட்டயும் சொல்லிவச்சிருக்கேன். புரையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒத்தக் கண்ண மூட முடியல. மூடினா அந்தப் பக்கம் வந்து நிக்கிறா. நேரா வர மாட்டேங்கிறா தம்பி, வலது பக்கமா, கொஞ்சம் தள்ளி. நடுவுல வந்து நின்னான்னா மூஞ்சிக்கு நேரா ரெண்டு வார்த்தை கேட்டுருவேன். தள்ளித் தள்ளி நிக்கிறா. சவரம் பண்ணும்போது நொரை கண்ணுல பட்டு ஒரு கண்ணு மூடிக்கிச்சு, அப்பக்கூட வந்துட்டா. கண்ணாடியில எம் மூஞ்சிக்குப் பக்கத்துல. அதான் தாடி. சாமியாராகலாம்னு இல்ல. பயந்துருக்கேன் தம்பி, ஒத்துக்கிறேன். சண்டையில பயப்படாதவன்.

பயம் வேற, தப்பு வேற. அதக் குழப்பிக்காதீங்க.

கேசு எப்படித் திரும்புச்சுன்னு உங்களுக்குத் தெரியும். மாப்ளைக்கும் தங்கமுடிக்கும் ஊத்துத்தண்ணி டியூப்புக்காக முன்னயே வாய்த்தகராறு. 'ஒம் வீட்டுல எழவு விழ'ன்னு மாப்ள ஒருநாள் கத்தியிருக்காரு. ஊரே கேட்டிருக்கு. அதுனால சும்மா கைதவறிப் போச்சுங்கிற கேசு கொலைக் கேசாயிருச்சு. கண்ணாடி வச்ச துப்பாக்கி, குறி தப்பாது, பாத்துதான் சுட்டிருக்கான்னு சர்க்கார் வக்கீல் சொன்னாரு. என்னையக் கூப்பிட்டாங்க. நான் யூனிஃபார்ம்ல குத்தின மெடலச் சட்டையில குத்திக்கிட்டுப் போனேன். நம்ம வக்கீலு, உங்க சீனியருக்கு முன்னாடி இருந்தவரு, மச்சினனாச்சே, காப்பாத்துவான்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. சர்க்கார் வக்கீல்தான் கேட்டாரு.

'ஸ்கோப்பு தப்பா மாட்டியிருக்க வாய்ப்பு உண்டா?'

'சான்ஸே இல்லீங்க.'

'அப்போ குறி வச்ச எடத்துக்குத்தான் குண்டு போகும்?'

'நான் மாட்டினா போகும்.'

'அப்படின்னா குத்தவாளி எங்க குறி வச்சாரு?'

'அது அவருக்குத்தான் தெரியும்.'

நீங்களே சொல்லுங்க, இதுல எது பொய்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கூண்டுக்குள்ள நின்ன மாப்ள என்னைய நிமிந்து பாத்தாரு. கோவமாப் பாத்திருந்தா தேவலாம். தகரத்துல அடிச்சுட்டு, 'எங்க விழுந்துச்சு மச்சான்'னு திரும்பிப் பாப்பாரே, அதே மாதிரி பாத்தாரு. ஜெயிலுக்கு மனுப்போட்டுப் பாக்கப் போனேன், போகாம இல்ல. அவரு என்னையப் பாக்க வரமாட்டேன்னுட்டாரு. வாங்கிட்டுப் போன ஆரஞ்ச வார்டருக்கே குடுத்துட்டு வந்தேன்.

வேற என்ன வேணும்னாலும் சொல்றேன் தம்பி. காத்து அடிச்சுச்சுன்னு சொல்லட்டுமா? தோட்டா பழசு, மருந்து நமத்திருக்கும்னு சொல்றேன். மாப்ள மூச்ச விட்டுட்டு விசைய வெடுக்குன்னு இழுத்துட்டாருன்னு சொல்றேன், சத்தியம் பண்ணிச் சொல்றேன். பொய்யின்னாலும் சொல்றேன், எங்க வீட்டு மாப்ள அவரு! என் மடியில வளந்தவளோட தாலி. ஆனா ஸ்கோப்பு திரும்பியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. அது நான் வச்சது.

என்ன கேட்டீங்க? சத்தமா. ம்... திருகு திரும்பியிருந்தா எப்படித் தெரியுமா? ஏன் தெரியாது! என்ன வேலை தெரிஞ்சவன்னு நெனச்சீங்க என்னைய? கடைகள்ல மாட்டிக் குடுக்கிறவன் அப்படியே குடுத்துருவான். நான் அப்படியில்ல. வட்டத்துக்குள்ள குண்டு விழுந்த உடனே ரெண்டு திருகுக்கும் பக்கத்துல வெள்ளைப் பெயிண்டத் தீக்குச்சி முனையில தொட்டு ஒரு பொட்டு வச்சிருவேன். திருகுல பாதி, கீழ உடம்புல பாதி. ஒரே பொட்டு. காஞ்சுதுன்னா அழியாது, பெட்ரோலுக்கும் அழியாது. அப்புறம் எவன் கை வச்சு ஒரு சொடக்குத் திருப்பினாலும் பொட்டு ரெண்டாப் போயிரும், பாதி இங்கன, பாதி அங்கன. நேத்து வந்த ரிக்ரூட்டுகூடப் பாத்ததும் சொல்லிருவான். எங்க குருஜி கத்துக்குடுத்தது தம்பி. ஹவில்தார் வேலைன்னா சும்மாவா?

மாப்ள துப்பாக்கிக்கா? வச்சேன். வைக்காம விடுவேனா.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? காபி ஆறுது.

அந்தப் பையிலதான் இருக்கும். போலீஸ்காரங்க ஸ்கோப்பத் தனியாக் கழட்டினாங்க, வளையத்தத்தான் கழட்டினாங்க, திருகத் தொடல. நான் பக்கத்துல நின்னேன். துணியில சுத்தி, பையில போட்டு, அரக்கு வச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் தெறக்கல. கோர்ட்டுலயும் தெறக்கல. குண்டு இந்தத் துப்பாக்கியில இருந்துதான் வந்துச்சான்னு மட்டும்தான் சோதிச்சாங்க. பொட்டு இருக்கான்னு யாரும் கேக்கல. நானா எப்படிச் சொல்றது? கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும்னு அந்த ஜட்ஜே சொன்னாரே.

அன்னிக்கு நான் பாக்கல தம்பி. கண்ண வச்சேன்ல, அப்ப திருகு எம் மூக்குக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. தலைய ஒரு விரக்கடை தூக்கினாத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கையப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் தலையத் தூக்கினேன், நேரா வானத்தப் பாத்தேன். போலீஸ் கழட்டும்போதும் நான் அவங்க மூஞ்சியத்தான் பாத்தேன். எதுக்குப் பாக்கணும்? நான் வச்சது எனக்குத் தெரியாதா? பொட்டு முழுசாத்தான் இருக்கும்.

ஓடாதீங்க. செருப்ப மாட்டிக்கிட்டே கேளுங்க. நீங்க மனுப்போட்டு அந்தப் பையத் தெறக்கச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியாதா. தெறக்கட்டும். பொட்டு முழுசா இருந்துச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, எந்நேரமானாலும் எடுப்பேன். ரெண்டாப் போயிருந்தா எனக்குப் பண்ண வேணாம். இந்திராணிக்குப் பண்ணுங்க, மொதல்ல அவளுக்கு.

அப்புறம் யாரையாச்சும் தேன்பாறைக்கு அனுப்பித் தங்கமுடிகிட்டயும் சொல்லச் சொல்லுங்க. அந்த மனுசன் இன்னும் மாப்ளயத்தான் ஏசிக்கிட்டிருக்காரு. எம் பேரே அவருக்குத் தெரியாது.